மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு: ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களையும் நினைத்து எழுதுங்கள்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் மருத்துவப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதில் அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) இருப்பதாகச் சொன்னார்கள். என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) வந்தது. இப்போது அவருக்கு ஐம்பது. இந்த இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சித்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்திரிகைத் துண்டைப் போட்டிருந்தார். ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளின் மூளை சிறியது என்று ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது செய்தி. பக்கத்தில் இரண்டு மூளைப் படங்கள். ஒன்று முழுக்க நீலம், இன்னொன்றில் அங்கங்கே சிவப்பு. சித்தி நல்ல எண்ணத்தில்தான் போட்டார். "பார்த்தியா, உன் பிள்ளை வேணும்னு செய்யலை" என்று கீழே எழுதியும் இருந்தார். நான் படித்து முடிப்பதற்குள், பின்னால் நின்றிருந்த மகன் படித்துவிட்டான். "என் மூளை சின்னதாம்மா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் சும்மா எழுதுறாங்க" என்றேன். அது சரியான பதில் இல்லை. சும்மா எழுதவில்லை என்பது எனக்கே தெரியும். அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது.

தேடிப் போனால் அது 2017 பிப்ரவரியில் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த கட்டுரையில் கொண்டுபோய் விடும். எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு செய்தது. பல ஊர்களில் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே முறையில் அளந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். இந்த ஆய்வில் 23 இடங்களின் படங்கள். ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்கள் 1,713 பேர், இல்லாதவர்கள் 1,529 பேர், நான்கு வயதுக் குழந்தையிலிருந்து அறுபத்து மூன்று வயதுக்காரர் வரை. பெரிய உழைப்பு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் சில பகுதிகள், ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறியவையாக இருந்தன. அதில் அதிக வேறுபாடு தெரிந்தது அமிக்டலாவில். பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும், பயம் முதலான உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதி அது.

'சராசரியாக', 'சற்று' என்ற இரண்டு சொற்களும் தலைப்புக்கு வருவதற்குள் எங்கோ உதிர்ந்துவிட்டன.

அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயல்நிலைப் பரவல் நடத்துகிறவள். கரும்பலகையில் இரண்டு மணி வடிவ வளைவுகள் வரைவேன், ஒன்று ஆண்களின் உயரம், மற்றது பெண்களின் உயரம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால், நூறில் ஏறக்குறைய தொண்ணூறு தடவை ஆண்தான் உயரமாக இருப்பார். இரண்டு வளைவுகளும் அவ்வளவு விலகி நிற்கின்றன. அமிக்டலா ஆய்வில் இரண்டு சராசரிகளுக்கும் நடுவில் இருந்த தூரம் 0.19 திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் அலகு அது). இதே கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். ஏ.டி.ஹெச்.டி. உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடி எடுத்தால், நூறில் 55 தடவை ஏ.டி.ஹெச்.டி. உள்ளவரின் அமிக்டலா சிறியதாக இருக்கும். மீதி 45 தடவை அவருடையதுதான் பெரியது. இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 92 சதவீதம் ஒன்றோடொன்று படிந்துவிடும். அதிக வேறுபாடு தெரிந்த பகுதியிலேயே கணக்கு இதுதான். மற்றப் பகுதிகளில் இன்னும் குறைவு.

மறுநாள் சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஐந்து ரூபாய் நாணயத்தை நூறு தடவை சுண்டினோம். 52 தலை, 48 பூ. "பார், ஒரு வித்தியாசமும் இல்லாத இடத்திலேயே இப்படி வரும். அவர்கள் கண்டுபிடித்தது இதைவிடக் கொஞ்சம்தான் கூட. உன் பெஞ்சில் உட்காரும் பையனுடையதைவிட உன்னுடையது பெரிதாகவும் இருக்கலாம்" என்றேன். "அப்ப ஏன் அப்படிப் போட்டாங்க?" என்றான். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது. அந்த வேறுபாடு குழந்தைகளிடம்தான் தெரிந்தது, வயது வந்தவர்களிடம் தெரியவில்லை. நான் பார்த்த தமிழ்ச் செய்தியில் அந்த வரி இல்லை. ஆய்வாளர்கள் எடுத்த முடிவுகளையும் அவற்றைச் சொன்ன விதத்தையும் கேள்வி கேட்டு அதே இதழில் பிறகு பல கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களும் எங்கள் கண்ணில் படவில்லை.

அதற்குப் பத்து வருடம் முன்னால், 2007ல், அமெரிக்காவில் ஓர் ஆய்வு. ஏ.டி.ஹெச்.டி. உள்ள 223 குழந்தைகளையும் இல்லாத 223 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறையான புறணி பல இடங்களில் ஒரு வயதுவரை தடித்து, அப்புறம் மெல்ல மெலியும். புறணியின் பாதி இடங்கள் அந்த உச்சத் தடிமனைத் தொடும் வயது, மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை. ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. போகிற பாதை ஒன்றுதான், மூன்று வருடம் தாமதம். இதுவும் சராசரிதான், இதையும் என் மகனின் தலையில் அப்படியே ஏற்ற முடியாது. ஆனால் 'தாமதம்' என்ற சொல்லோடு ஒரு தாயால் வாழ முடியும். 'சிறியது' என்ற சொல்லோடு என்ன செய்வது?

நீங்கள் ஏன் இந்தச் செய்திகளைப் போடுகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 2017 ஆய்வைச் செய்தவர்களே சொன்னார்கள், இது வெறும் பெயர்ச்சீட்டு இல்லை, பெற்றோர் வளர்ப்பால் வந்ததும் இல்லை என்று மக்கள் உணர இது உதவும் என்று. அந்த ஆசை எனக்கும் உண்டு. "ஒத்தைப் பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று கேட்காத விசேஷ வீடு எனக்கு இல்லை. மேல்நாடுகளில் 1950களிலும் 60களிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களைப் பாசமில்லாத 'குளிர்ப்பெட்டி அம்மாக்கள்' என்று மருத்துவ உலகமே பழித்திருக்கிறது. பழி சுமந்தவர்களுக்கு ஒரு மூளைப் படம் விடுதலைப் பத்திரம் மாதிரி இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படத்தையே சாட்சியாக வைத்தால், படத்தில் ஒன்றும் தெரியாதவர்களின் கதி என்ன? அண்ணன் கதைக்கு வருகிறேன்.

1997. அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐப்பசி வாக்கில் ராத்திரித் தூக்கம் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினார். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு வார இதழில் படித்தார், இந்த நோய் மூளையில் இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று. டாக்டர் தேவையில்லை என்றார். அப்பா கேட்கவில்லை. அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்து, டவுனுக்குக் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டில் எல்லாம் இயல்பு என்று வந்தது.

வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். நான் அப்போது பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். "மூளையிலே ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டானே. அப்ப இவன் வேலைக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறானா?" என்றார். வேறொருவர் செய்வினை என்றார். மாத்திரை நின்றது. நோயே இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை என்பதுதான் வாதம். அம்மா அவரைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கினாள். அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் அண்ணனை ஒரு சுடுசொல் சொல்லாமல் பார்த்துக்கொண்டவள் அவள். ஆனால் மாத்திரை இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பட்டறை வேலை போனது. அந்த ஒரு வருடத்தில் அண்ணன் பட்ட அடிகளை, சொல்லடியையும் சேர்த்துத்தான், யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கட்டி இல்லை, ரத்தக் கசிவு இல்லை, பழைய அடி இல்லை என்பதைத்தான் அது சொன்னது. மனச்சிதைவு இல்லை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அப்படிப் படிக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பத்திரிகைப் பக்கம்.

மனச்சிதைவு ஆராய்ச்சி ஒன்றும் வெறுங்கை வேலை அல்ல. 1976ல் லண்டன் பக்கம் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் குரோவும் அவர்களுடைய குழுவும், நீண்டகாலம் மருத்துவமனையிலேயே இருந்த 17 நோயாளிகளுக்கு அன்று புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒப்பிட 8 பேர். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகள் நோயாளிகளுக்குச் சராசரியாகப் பெரியவையாக இருந்தன. ஒரு பெரிய வாசல் அன்று திறந்தது. நாற்பது வருடம் கழித்து எனிக்மா குழு 2,028 நோயாளிகளையும் நோயில்லாத 2,540 பேரையும் ஒப்பிட்டபோதும் அது உறுதியானது. கூடவே, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி சிறுத்திருப்பதும் தெரிந்தது. அங்கே இடைவெளி 0.46 திட்ட விலக்கம். மனநோய் ஆய்வுகளில் இது பெரிய எண். என் பழைய கணக்கைப் போட்டால், நூறில் 63 தடவை நோயாளியுடையது சிறியது, 37 தடவை மற்றவருடையது சிறியது. அதாவது, இருப்பதிலேயே தெளிவான வேறுபாடுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாலும், அண்ணன் மாதிரி ஒருவருக்கு ஸ்கேன் இயல்பாக வருவது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். இதை 1997ல் ஒரே ஒரு வரியில் யாராவது எழுதியிருந்தால் பெரியப்பாவுக்கு அந்த வாய் வந்திருக்காது.

இன்னொன்று. நோயாளியின் மூளையில் தெரியும் மாற்றம் எல்லாமே நோயால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளை நோயே இல்லாத குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005ல் வந்தது. அவற்றின் மூளை 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணனை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த மாத்திரைகள்தான், நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த வீடு எங்கள் வீடு. மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியம் விஷயத்தில் இது நேர்மாறு. அதை எடுத்துக்கொள்பவர்களின் புறணி, எடுக்காதவர்களுடையதைவிடச் சராசரியாகத் தடிமனாக இருந்திருக்கிறது. படத்தில் தெரிவது நோயா, மருந்தா, வருடக்கணக்கான தூக்கமின்மையா, புகையா என்று பிரித்துச் சொல்ல எத்தனையோ வேலை வேண்டியிருக்கிறது.

படத்தை வைத்து எந்த நோய் என்றாவது சொல்ல முடியுமா? 2015ல் 193 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 15,892 பேர். மனச்சிதைவு, பைபோலார், மனச்சோர்வு, போதைப் பழக்கம், ஓ.சி.டி. (எண்ணச் சுழற்சி நோய்), பதற்ற நோய் என்று ஆறு வகை. எல்லாவற்றிலும் பொதுவாக அதே மூன்று இடங்களில்தான் சாம்பல் பொருள், அதாவது நரம்பணுக்கள் நிறைந்த பகுதி, குறைந்திருந்தது. பெயர்கள் வேறு, இடம் ஒன்று. 2022ல் மனச்சோர்வு பற்றி ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வில் 1,809 பேர். மூளையின் அமைப்பையும் செயல்பாட்டையும் பல வழிகளில் அளந்தார்கள். ஓர் அளவை வைத்து ஆளைப் பார்த்து இவர் நோயாளி, இவர் இல்லை என்று கணினி சொன்னது நூறில் 54 முதல் 56 தடவைதான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டி ஊகித்தாலே நூறில் ஐம்பது சரியாக வரும், அதைவிட நான்கிலிருந்து ஆறு தடவைதான் கூட. ஆட்டிசத்திலும், அது உள்ளவர்கள் மட்டுமே ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் இருந்த 2018 ஆய்வில், புறணி முன்பக்கம் சற்றுத் தடித்தும் பக்கவாட்டில் சற்று மெலிந்தும் சராசரியாக இருந்தது. அங்கும் எண்கள் இதே மாதிரிச் சின்னவை.

சரி, மகன் கதை. அவனுக்கு எட்டு வயதில் நானே தவறினேன். அண்ணன் விஷயத்தில் அவ்வளவு பட்டும், 'மூளையைப் படமெடுத்துக் கவனக்குறைவைக் கண்டறிகிறோம்' என்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனேன். பயந்த மனசுக்குக் கணக்கு ஏறாது. சிறிதுகூட அசையக் கூடாது என்று சொல்லி அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்பதற்காகக் கூட்டிப்போன பிள்ளை. அரைமணி நேரம் அழுதான், பிறகு காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். மயக்கம் கொடுக்கட்டுமா என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தலை அசைந்தால் எம்.ஆர்.ஐ.யில் புறணி உண்மையில் இருப்பதைவிட மெலிந்ததாக அளவு வரும். நலமாக இருக்கும் பெரியவர்களை வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொல்லி, 2015ல் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். துறுதுறுப்பான குழந்தைகளை அமைதியான குழந்தைகளோடு ஒப்பிடும் ஒவ்வோர் ஆய்வும் இந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நல்ல ஆய்வாளர்கள் அதற்குப் பாடுபடுகிறார்கள். விளம்பரக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று முதலில் சொன்ன மருத்துவர் படமே எடுக்கவில்லை. என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார், அவன் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கினார், அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். அதுதான் பரிசோதனை. ஆட்டிசத்துக்கும் அப்படித்தான். நம் நாட்டில் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள். குழந்தை கண்ணைப் பார்க்கிறதா, பேச்சு எப்படி, சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் தருவதும் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான். எம்.ஆர்.ஐ. எப்போது வேண்டும்? வலிப்பு வந்தால், கற்ற பேச்சும் நடையும் கழன்று போனால், தலையின் அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால், நரம்புக் கோளாறு ஒன்று இருக்குமோ என்று மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால். அப்போது எடுத்தே ஆக வேண்டும், தயங்கக் கூடாது. அது வேறொரு நோய் இருக்கிறதா என்று தேடுவதற்கு. இந்த வித்தியாசத்தை நம் அம்மாக்களுக்குச் சொல்ல உங்கள் பக்கத்தைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே கேட்கிறேன். மூளை ஆய்வுச் செய்தியைப் போடுங்கள், நிறுத்த வேண்டாம். போடும்போது இரு தரப்பும் எவ்வளவு தூரம் ஒன்றாக இருந்தார்கள் என்பதை வித்தியாசத்தோடு சேர்த்துப் போடுங்கள். எத்தனை பேர், என்ன வயது, மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்களா என்பது ஒரு வரி. தலைப்பில் 'சராசரியாக' என்ற சொல்லுக்கு இடம் இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள். அந்தச் சிவப்பு நீலப் படங்களைப் போடுவதாக இருந்தால், அந்த நிறம் மூளையின் நிறம் இல்லை, நூற்றுக்கணக்கானவர்களின் கணக்கை வைத்துக் கணினி தீட்டியது என்று கீழே எழுதுங்கள். எம்.ஆர்.ஐ.யில் எங்கள் பிள்ளைகளின் மூளை எல்லார் மூளையையும் போலச் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கிறது. பக்கத்திலேயே வரும் விளம்பரங்களையும் ஒரு கண் பாருங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத் தரப்பு 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். 'ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் நோய் உண்மையாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.' அதன் கீழே அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. இரண்டு அங்குல இடம் போதும்.

இதற்கு உதவியாக என்னால் முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். விளைவு அளவு, திட்ட விலக்கம் என்று ஆங்கிலக் கட்டுரையில் வரும் எண்ணை 'நூறில் எத்தனை தடவை' என்று மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு கால்குலேட்டர் போதும். என் பிளஸ் டூ பிள்ளைகளே செய்வார்கள். ஒவ்வோர் ஊரிலும் என்னைப் போல ஒரு கணக்கு டீச்சர் இருப்பார். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். காசு வேண்டாம் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை